மணி அடிக்கிறது, குரல் வரவில்லை: அலுவலக இணையத் தொலைபேசிக் கோளாறுகளை அறிகுறியிலிருந்து கண்டுபிடிக்க

அலுவலகத்தின் இணையத் தொலைபேசி தகராறு செய்தால் வழக்கமாக நடப்பது இதுதான். இணைய இணைப்பு தந்தவர் "நெட் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். எண் தந்த தொலைத்தொடர்பு நிறுவனம் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று புகாரை மூடிவிடும். பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) பொருத்தியவர் ரூட்டரைக் கைகாட்டுவார். மூவருக்கும் நடுவில் வாடிக்கையாளரின் அழைப்பை இழப்பவர் அலுவலகம் நடத்துபவர். இந்தத் துறையின் சொற்களில் ஓர் இருபது தெரிந்திருந்தால், எவரிடம் என்ன கேட்பது என்பது உடனே விளங்கிவிடும். அகராதி போல மனப்பாடம் செய்தால் அவை மனத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு கோளாறோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோளாறின் வழியாகப் போனால் சொல் தானாகப் புரியும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பத்துப் பதினைந்து போன்கள் கொண்ட சிறிய அலுவலகம். நடுவில் ஓர் ஐபி பிபிஎக்ஸ். பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி செய்த வேலையை ஒரு சிறிய கணினியில் மென்பொருளாகச் செய்வது அது. 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் இந்த வகையில் பரவலானது. ஃப்ரீபிபிஎக்ஸ் அதன்மேல் அமர்ந்து, திரையில் அமைப்புகளை மாற்ற வசதி தருகிறது. ஒவ்வொரு மேசைக்கும் ஓர் எக்ஸ்டென்ஷன் எண் உண்டு. வெளியுலகத்தோடு இணைப்பது எஸ்ஐபி ட்ரங்க். முன்பு ஒரே நேரத்தில் 30 அழைப்புகளைச் சுமந்த பிஆர்ஐ கேபிள் செய்த வேலையை இப்போது இது செய்கிறது.

## தொடங்கும் முன்: வழி இரண்டு

ஓர் அழைப்பில் இரண்டு போக்குவரத்துகள் தனித்தனியாக ஓடுகின்றன. "இவர் அழைக்கிறார், மணி அடி, எடுத்துவிட்டார், வைத்துவிட்டார்" என்ற செய்திகளைச் சுமப்பது எஸ்ஐபி. இன்று புழக்கத்தில் உள்ள அதன் வடிவம் 2002இல் ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணமாக வெளியானது. வழக்கமான போர்ட் (சர்வரில் செய்தி நுழையும் வாசலின் எண்) 5060. குறியாக்கத்தோடு போனால் 5061. பேசும் குரலைச் சுமப்பது ஆர்டிபி. அது வேறு போர்ட்களில், பல நேரங்களில் வேறொரு சர்வருக்கே போகிறது. ஆஸ்டரிஸ்க் இதற்கென வழக்கமாக ஒதுக்குவது யுடிபி என்ற அனுப்பும் முறையில் 10000 முதல் 20000 வரையான போர்ட்கள். குரலை எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது எஸ்ஐபி செய்திக்குள் எஸ்டிபி என்ற பகுதியில் எழுதப்பட்டிருக்கும்.

எந்தக் கோளாறானாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: அழைப்பு அமைவதில் சிக்கலா, குரலில் சிக்கலா? முன்னதென்றால் எஸ்ஐபி பக்கம் பாருங்கள். பின்னதென்றால் ஆர்டிபி பக்கம்.

இரண்டாவது கேள்வி: உள்ளேயா, வெளியேயா? ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து பக்கத்து எக்ஸ்டென்ஷனுக்குப் பேசிப் பாருங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் இருந்தால் *43 அழுத்துங்கள். நீங்கள் பேசுவது பிபிஎக்ஸ் வரை போய் உங்களுக்கே திரும்பக் கேட்கும். அது தெளிவாக இருந்தால் போனும் உள் நெட்வொர்க்கும் நலம். சிக்கல் ரூட்டரிலோ ட்ரங்கிலோ இருக்கிறது. இந்தச் சிறிய சோதனையைச் செய்யாமல் போனை மாற்றுவது, கேபிளை மாற்றுவது என்று பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

## போனில் "பதிவாகவில்லை" என்று காட்டுகிறது

போன் தான் இருக்கும் இடத்தை அவ்வப்போது பிபிஎக்ஸிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பெயர் ரெஜிஸ்ட்ரேஷன். பிபிஎக்ஸும் இதே முறையில் ட்ரங்க் நிறுவனத்திடம் பதிந்துகொள்ளலாம். பதிவு நிற்காதபோது பிபிஎக்ஸின் பதிவேட்டில் (லாக்) மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

401 என்று கண்டால் பதற வேண்டாம். முதல் முயற்சிக்கு சர்வர் "கடவுச்சொல்லோடு வா" என்று 401 அனுப்புவது இயல்பான நடைமுறை. அடுத்த முயற்சிக்கு 200 வந்துவிட்டால் எல்லாம் சரி. 401 திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 403 என்றால் சர்வர் உங்கள் கோரிக்கையைப் புரிந்துகொண்டும் மறுக்கிறது: கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம், அல்லது உங்கள் ஐபி முகவரி அனுமதிப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். 408, அல்லது பதிலே இல்லை என்றால் செய்தி போய்ச் சேரவில்லை. ஃபயர்வாலையும் (வேண்டாத போக்குவரத்தைத் தடுக்கும் காவல்) இணையத்தையும் பாருங்கள்.

தனி ஃபைபரில் வரும் எஸ்ஐபி ட்ரங்குகள் பலவற்றில் பதிவு என்ற பேச்சே கிடையாது. நிலையான ஐபி முகவரியை வைத்தே நிறுவனம் உங்களை அறிகிறது. அங்கே "பதிவாகவில்லை" என்பது கோளாறாகாது.

## மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

இணையத் தொலைபேசியின் மிகப் பொதுவான நோய் இதுதான். மணி அடித்துவிட்டதால் எஸ்ஐபி சரி. குரல்தான் வழி தவறுகிறது. யாருக்குக் கேட்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பெரும்பாலான நேரங்களில் வெளியில் இருப்பவருக்கு உங்கள் குரல் கேட்கும். அவர் பேசுவது உங்களுக்கு வராது.

காரணம் நாட். உங்கள் பிபிஎக்ஸின் முகவரி 192.168 என்றோ 10. என்றோ தொடங்கும் உள்முகவரி. வெளியே போகும்போது ரூட்டர் அதைப் பொது முகவரியாக மாற்றி அனுப்புகிறது. ஆனால் அது மாற்றுவது பாக்கெட் என்ற தரவுத் துண்டின் மேலுறையில் உள்ள முகவரியை மட்டுமே. உள்ளே எஸ்டிபியில் "குரலை 192.168.1.50க்கு அனுப்பு" என்று பிபிஎக்ஸ் எழுதியது அப்படியே இருக்கிறது. கடிதத்தில் பதில் முகவரியாக "மாடியில் இரண்டாவது அறை" என்று மட்டும் எழுதி அனுப்பியது போலத்தான். எதிர்முனை அந்த முகவரிக்குக் குரலை அனுப்ப முயன்று தோற்கிறது.

சரிசெய்ய: பிபிஎக்ஸின் எஸ்ஐபி அமைப்பில் வெளிமுகவரி என்ற இடத்தில் உங்கள் பொது ஐபி முகவரியையும், உள் நெட்வொர்க் என்ற இடத்தில் அலுவலக வலையமைப்பையும் எழுதுங்கள். பிறகு ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நாட் சிக்கலைத் தீர்ப்பதற்காகச் சேர்க்கப்பட்ட வசதி அது. எஸ்ஐபி செய்திக்குள் புகுந்து முகவரிகளைத் திருத்தும். பல மலிவான ரூட்டர்களில் அது அரைகுறையாகத் திருத்தி, சரியாக இருப்பதையும் கெடுக்கிறது. புதிய அலுவலகத்தில் நான் முதலில் தேடும் பொத்தான் அதுதான். சில ரூட்டர்களில் அதை அணைக்கும் இடமே வெளியே தெரியாது. அப்போது இணைப்பு தந்தவரிடம் கேட்டு அணைக்கச் சொல்லுங்கள், இல்லையெனில் ரூட்டரை மாற்றுங்கள்.

தனி ஃபைபர் ட்ரங்கில் இதே அறிகுறிக்கு வேறொரு காரணம் உண்டு. அங்கே உங்கள் பிபிஎக்ஸ் பேசுவது நிறுவனத்தின் எஸ்பிசி என்ற எல்லைக்காவல் சர்வரோடு. அதன் எஸ்ஐபி முகவரி ஒன்று, குரல் முகவரி வேறொன்றாக இருக்கும். பிபிஎக்ஸில் இரண்டு நெட்வொர்க் போர்ட்கள்: ஒன்று அலுவலகத்துக்கு, மற்றது ட்ரங்குக்கு. எஸ்ஐபி முகவரிக்கு மட்டும் ஸ்டாட்டிக் ரூட் (இந்த முகவரிக்கு இந்த வழியாகப் போ என்ற நிலையான விதி) எழுதிவிட்டுக் குரல் முகவரிக்கு எழுதாமல் விட்டால், நீங்கள் பேசுவது அலுவலக பிராட்பேண்ட் வழியாகப் போய்த் தொலைந்துவிடும். இங்கே உங்களுக்கு எதிர்முனையின் குரல் கேட்கும், அவருக்கு உங்கள் குரல் கேட்காது. இணைப்புக் கடிதத்தில் இரண்டு முகவரிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இரு பக்கமும் மௌனம் என்றால் ஃபயர்வாலில் ஆர்டிபி போர்ட்கள் மூடியிருக்கலாம். அல்லது ஒரு முனை எஸ்ஆர்டிபி என்ற குறியாக்கக் குரலைக் கேட்க, மறுமுனை சாதாரணக் குரலை அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

## அழைப்பு 32ஆவது வினாடியில் அறுபடுகிறது

ஒவ்வோர் அழைப்பும் அதே அரை நிமிடத்தில் அறுந்தால் மகிழுங்கள். இவ்வளவு தெளிவாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் கோளாறு வேறில்லை. அழைப்பை எடுத்ததும் எடுத்தவர் பக்கம் "200 சரி" என்று அனுப்பும். அழைத்தவர் பக்கம் "கிடைத்தது" என்று ஏசிகே என்ற செய்தியைத் திருப்ப வேண்டும். அது வராவிட்டால் 200 மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். எஸ்ஐபியின் அடிப்படை நேர அலகு அரை வினாடி. அதன் 64 மடங்கு, அதாவது 32 வினாடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, எடுத்தவர் பக்கம் அழைப்பை வெட்டிவிடும்.

அதற்குள் குரல் ஓடத் தொடங்கிவிடுவதால் பேசுபவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஏசிகே தொலைவதற்குக் காரணம் மேலே சொன்னதுதான்: கான்டாக்ட் என்ற வரியில் உள்முகவரி போயிருக்கும், அல்லது எஸ்ஐபி ஏஎல்ஜி அதைச் சிதைத்திருக்கும். மருந்தும் அதே மருந்துதான்.

15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால் அது செஷன் டைமர். நீண்ட அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இரு முனைகளும் இடையிடையே சரிபார்த்துக்கொள்கின்றன. பொதுவான கெடு 1800 வினாடி. பாதியிலேயே புதுப்பிப்புச் செய்தி போகும். அந்தச் செய்திக்கு ஒரு முனை சரியான பதில் தரவில்லை என்றால் அழைப்பு முடிந்துவிடும். ட்ரங்க் நிறுவனத்திடம் "செஷன் டைமர் மதிப்பு என்ன, யார் புதுப்பிப்பது" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். எதிரில் இருப்பவர் உங்களை அடுத்த நிலைப் பொறியாளரிடம் அனுப்பிவைப்பார்.

## வெளியே போகிறது, உள்ளே வரும் அழைப்புகள் திடீரென நிற்கின்றன

போனை எடுத்து ஒருமுறை வெளியே அழைத்தால், அடுத்த சில நிமிடங்களுக்கு உள்வரும் அழைப்புகளும் வருகின்றன. பிறகு மீண்டும் நின்றுவிடுகின்றன. இது ரூட்டரின் மறதி. யுடிபி போக்குவரத்துக்கு ரூட்டர் திறக்கும் வழி, சிறிது நேரம் பயன்படாவிட்டால் மூடிக்கொள்ளும். சிலவற்றில் 30 வினாடியே போதும். பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியோ 3600 வினாடியாக இருக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் வரும் அழைப்பு மூடிய கதவில் மோதுகிறது. வழி மூடாமலிருக்கச் சிறு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் கீப்அலைவ் என்ற அமைப்பை 20 அல்லது 25 வினாடிக்கு வையுங்கள், பதிவு இடைவெளியையும் குறையுங்கள்.

உள்வரும் அழைப்பு எப்போதுமே வரவில்லை என்றால் டிஐடியைப் பாருங்கள். வெளியுலகம் அழைக்கும் உங்கள் நேரடி எண் அது. நிறுவனம் அதை +91422 என்று தொடங்கி அனுப்ப, நீங்கள் பிபிஎக்ஸில் 0422 என்று எழுதியிருந்தால் இரண்டும் பொருந்தாது. பதிவேட்டில் எண் எந்த வடிவில் வந்து சேர்கிறதோ, அதே வடிவில் எழுதுங்கள்.

## குரல் உடைகிறது, இயந்திரம் பேசுவது போலக் கேட்கிறது

இங்கே "வேகம் போதவில்லை" என்று சொல்லி அதிக விலைத் திட்டத்தை விற்பார்கள். கணக்கைப் பாருங்கள். சாதாரணத் தொலைபேசித் தரத்துக்கான கோடெக் ஜி.711, குரலை வினாடிக்கு 64 கிலோபிட்டாக மாற்றுகிறது. பாக்கெட்டின் தலைப்புகளையும் சேர்த்தால் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. 100 மெகாபிட் இணைப்பில் குரல் உடைகிறதென்றால் காரணம் வேகத்தில் இல்லை.

குரல் 20 மில்லிவினாடித் துண்டுகளாக, வினாடிக்கு 50 பாக்கெட்டாகப் போகிறது. அவை சீராக வந்து சேர வேண்டும். அளவிட வேண்டியவை மூன்று. லேட்டன்சி என்பது போய்ச் சேர ஆகும் நேரம். ஒரு திசைக்கு 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஜிட்டர் என்பது அந்த நேரம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுவது. 30 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது. பாக்கெட் லாஸ் என்பது வந்து சேராமல் போனவை. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் காது கண்டுபிடிக்கத் தொடங்கும். தாமதமாக வரும் பாக்கெட்டுகளைச் சிறிது நேரம் தேக்கிச் சீராக்குவது ஜிட்டர் பஃபர். அதைப் பெரிதாக்கினால் உடைசல் குறையும், தாமதம் கூடும்.

நான் கண்டவரை முதல் குற்றவாளி அப்லோடு நெரிசல். சிசிடிவி பதிவுகள் கிளவுடுக்கு ஏறும்போதோ, கணக்குக் கோப்புகளின் பேக்கப் ஓடும்போதோ ரூட்டரில் நீண்ட வரிசை உருவாகிறது. குரல் பாக்கெட் அதன் கடைசியில் நிற்கிறது. சோதிப்பது எளிது. ஒரு கணினியில் பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்யுங்கள். 15 மில்லிவினாடியில் இருந்த பதில் நேரம் 300க்குத் தாவினால் ஆள் பிடிபட்டார். ரூட்டரின் கியூஓஎஸ் (போக்குவரத்துக்கு முன்னுரிமை வகுக்கும்) பகுதியில் மொத்த அப்லோடை இணைப்பின் உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 90 சதவீதத்தில், கட்டுப்படுத்தி, குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். குரல் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முத்திரை இடப்படும். அந்த முத்திரைக்கு உங்கள் அலுவலகத்துக்குள் மதிப்பு உண்டு. பொது இணையத்தில் அதை எவரும் மதிப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

இரண்டாவது காரணம் வைஃபை. மேசைப் போனை வைஃபையில் இயக்கும் யோசனையைக் கைவிடுங்கள். கேபிள் இழுக்கும் செலவு ஒரு முறைதான்.

ஜி.729 கோடெக் 8 கிலோபிட்டில் வேலையை முடிக்கிறது. பாக்கெட்டின் தலைப்புகளோடு சேர்ந்து 31 கிலோபிட் அளவில் நிற்கும். மெலிந்த இணைப்புக்கு அது உதவும், குரலின் தரம் சற்றுக் குறையும். இரு முனைகளும் ஒரே கோடெக்கை ஒப்புக்கொள்ளாதபோது அழைப்பு 488 என்ற எண்ணோடு முறியும்.

## எதிரொலி

உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில் இருக்கிறது. அவர் புகார் சொன்னால் உங்கள் பக்கத்தில். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து, கைக்கருவியில் பேசச் சொல்லுங்கள். பழைய செம்புக் கம்பி லைனை எஃப்எக்ஸ்ஓ கேட்வே வழியாகச் சேர்த்திருந்தால், அங்கே இரண்டு கம்பி நான்காகப் பிரியும் இடத்தில் எதிரொலி பிறக்கும். கேட்வேயின் எதிரொலி நீக்கியை இயக்கி, குரல் அளவைக் குறையுங்கள். எஃப்எக்ஸ்ஓ என்பது லைனை வாங்கும் போர்ட். எஃப்எக்ஸ்எஸ் என்பது சாதாரணப் போனுக்கு டயல் ஒலியும் மணியும் தரும் போர்ட். மாற்றிச் செருகினால் எதுவும் வேலை செய்யாது.

## "எண் 1ஐ அழுத்தவும்": அழுத்தினாலும் நகரவில்லை

வங்கியின் ஐவிஆரிடம் (எண் அழுத்தச் சொல்லும் தானியங்கிக் குரல்) எண் அழுத்தினால் அது கேட்பதில்லை. அல்லது உங்கள் ஐவிஆரில் வாடிக்கையாளர் 1 அழுத்தினால் 11 என்று பதிகிறது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளின் கூட்டு. 1 என்பது 697 மற்றும் 1209 ஹெர்ட்ஸ். இதற்குப் பெயர் டிடிஎம்எஃப். அந்த ஒலியைக் குரலோடு சேர்த்தே அனுப்பினால் இன்பேண்ட். அதற்கு ஜி.711 போதும், ஜி.729 அந்த ஒலியைச் சிதைத்துவிடும். எண்ணைத் தனிக் குறிப்பாக ஆர்டிபிக்குள் அனுப்புவது ஆர்எஃப்சி 2833, அதன் புதிய பதிப்பு 4733. போன், பிபிஎக்ஸ், ட்ரங்க் மூன்றிலும் 2833 அல்லது 4733 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரே எண் இருமுறை பதிந்தால் இரண்டு முறைகளும் ஒருசேர ஓடுகின்றன; இன்பேண்டை அணையுங்கள்.

## லேண்ட்லைனுக்குப் போகிறது, மொபைலுக்குப் போகவில்லை

இந்தியாவில் 2021 ஜனவரி 15 முதல் தரைவழி எண்ணிலிருந்து மொபைலை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். எஸ்ஐபி ட்ரங்கில் வரும் எண்ணும் பெரும்பாலும் தரைவழி எண்தான். பல அலுவலகங்களில் வெளி லைன் எடுக்க 0 அழுத்தும் பழைய வழக்கமும் இருக்கிறது. பிபிஎக்ஸ் முதல் 0வை வெளி லைனுக்கென்று உரித்துவிட்டால் மீதம் வெறும் பத்து இலக்கம்தான் போகும், அழைப்பு விழும். எந்த எண்ணை எப்படித் திருத்தி எந்த ட்ரங்கில் அனுப்புவது என்ற விதிகளின் தொகுப்பே டயல் பிளான். பத்து இலக்க மொபைல் எண்ணுக்கு முன்னால் 0வை அதுவே சேர்க்கும்படி எழுதிவிடுங்கள். ஊழியர்கள் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் +91 வடிவத்தைக் கேட்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 112க்கும் 108க்கும் போகும் அழைப்பை விதி எதுவும் தடுக்கவில்லை என்பதை அன்றே சரிபாருங்கள்.

எல்லா வெளி அழைப்புக்கும் 403 வந்தால் காலர் ஐடி வடிவத்தைப் பாருங்கள். உங்களுக்கு ஒதுக்கிய டிஐடி அல்லாத எண்ணை அனுப்பினால் நிறுவனம் மறுக்கும்.

## வாடிக்கையாளருக்கு எப்போதும் பிஸி

சேனல் என்பது ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய அழைப்புகளின் எண்ணிக்கை. டிஐடி என்பது எண்களின் எண்ணிக்கை. நூறு டிஐடி வாங்கி ஐந்து சேனல் வைத்திருந்தால் ஆறாவது அழைப்புக்கு இடமில்லை. மொபைலுக்குத் திருப்பிவிடும் ஒவ்வோர் அழைப்பும் இரண்டு சேனல்களைப் பிடிக்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

## நள்ளிரவில் வெளிநாட்டு அழைப்புகள்

இதைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ட்ரங்கைத் துண்டியுங்கள். 5060 போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் எக்ஸ்டென்ஷன்களைத் தட்டிப் பார்க்கின்றன. 101 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால் அது நிமிடங்களில் உடைந்துவிடும். பிறகு அதிகக் கட்டண வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் பறக்கும், பில் உங்களுக்கு. 5060ஐ ட்ரங்க் நிறுவனத்தின் முகவரிக்கு மட்டும் திறங்கள். வெளியிலிருந்து இணையும் ஊழியர்கள் விபிஎன் என்ற பாதுகாப்பான தனிவழியாக வரட்டும். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து ஐஎஸ்டியை முடக்குங்கள்.

"வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்புகளை உங்கள் லைனில் உள்ளூர் அழைப்பாக மாற்றிக் கொடுங்கள், மாதம் பணம் தருகிறோம்" என்று கேட்டு வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உரிமம் இல்லாமல் அப்படிச் செய்வது சட்டவிரோதம்.

## மின்சாரம் போனால் போனும் போகிறது

பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. ஐபி போனுக்கு, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச் வழியாக வருகிறது. எனவே ஃபைபர் மோடம், ரூட்டர், பிஓஇ ஸ்விட்ச், பிபிஎக்ஸ் நான்கும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மற்றவை பயனற்றவை.

## புகார் கொடுக்கும்போது

"குரல் சரியில்லை" என்று எழுதினால் புகார் மூடப்படும். அழைப்பின் தேதி, வினாடி வரை நேரம், அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், எஸ்ஐபி செய்தியில் உள்ள கால் ஐடி (அந்த அழைப்புக்கே உரிய அடையாளக் குறி) ஆகியவற்றைக் கொடுங்கள். பிபிஎக்ஸில் எஸ்என்ஜிரெப் என்ற கருவி இருந்தால் செய்திகள் இரு பக்கமும் போய்வருவதை அம்புக்குறிகளாகக் காட்டும். எங்கே பதில் நின்றது என்பது கண்ணுக்கே தெரியும். பாக்கெட் பதிவைக் கோப்பாக எடுத்து வயர்ஷார்க் என்ற ஆய்வு மென்பொருளில் திறந்தால், டெலிபோனி மெனுவில் அழைப்புகளின் பட்டியலும், ஆர்டிபி பகுதியில் ஒவ்வொரு திசைக்குமான ஜிட்டரும் இழப்பும் எண்களாகக் கிடைக்கும். அந்த எண்களை அப்படியே புகாரில் எழுதுங்கள்.

குறியாக்கம் இல்லாத அழைப்பின் பாக்கெட் கோப்பில் பேசிய குரலும் இருக்கும்; எவரும் அதை ஒலிக்கவிட்டுக் கேட்கலாம். ஆகவே வாடிக்கையாளரின் அழைப்பைப் பதிவு செய்து அனுப்பாதீர்கள். ஊழியர் ஒருவர் மேசைப் போனிலிருந்து ட்ரங்க் வழியாக மற்றொருவரின் மொபைலுக்கு ஒரு சோதனை அழைப்பு போட்டு, ஒன்று முதல் இருபது வரை எண்ணி, அந்தப் பதிவை அனுப்புங்கள்.